தரையைக் காட்டிய கை

பிள்ளைகளே, எரிந்த ஆயில் வாடையும் மீன் வாடையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் பத்து வயதாகிவிடுகிறது.

அப்போது ராயபுரத்தில், கடலோரத் தெருவில் இருந்தோம். விசைப்படகு ஓட்டிய என் நைனாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போய்விட, தெருவே 'டபடபா' என்று கூப்பிட்ட அவருடைய பழைய மோட்டார் சைக்கிள், இரண்டு வருடமாகக் கிழிந்த வலைக்கடியில் உப்புக்காற்றைக் குடித்துக்கொண்டு நின்றது. "அந்தச் சத்தத்தக் கேட்டா ஒரு வார்த்தையாவது வாயத் தொறப்பாரு" என்று அம்மா நம்பினாள், நானும் நம்பினேன்.

ஒரு ஞாயிறு காலை, படகு இன்ஜின் வேலை பார்க்கும் தனபால் மாமா வந்தார். நைனாவை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். மாமா பழைய பெட்ரோலைக் கொட்டிப் புதியதை ஊற்றி, பிளக்கைத் தேய்த்து மாட்டி, கடைசியாக ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவினார்.

"குச்சி காஞ்சி கீதுடா. படகோ வண்டியோ, காஞ்சா ஊத்தணும், அவ்ளோதான்" என்று டப்பாவை என் கையில் கொடுத்தார்.

நைனா தலையை வேகமாக ஆட்டினார். இடது கையால் தரையைத் தரையைக் காட்டினார். தொண்டையில் என்னவோ உருண்டது.

"பாருடா, கீழ சிந்தாம ஊத்தச் சொல்றாரு உங்க நைனா!" என்றார் மாமா.

ஒரு சொட்டும் சிந்தாமல் முழு டப்பாவையும் ஊற்றினேன்.

எத்தனையோ உதைக்குப் பிறகு வண்டி நாலு தரம் 'டப் டப்' என்றது. நைனாவின் வாய் திறந்தது. அதற்குள் தெருவை மறைக்கிற புகை. வண்டி ஆயிலை வெளியே கக்கிவிட்டு நின்றுபோனது. "இன்னா மாமு, கொசு மருந்து அடிக்கிறியா?" என்று எதிர்வீட்டுக்காரர் கத்த, எல்லாரும் சிரித்தார்கள். நைனா வாயை மூடிக்கொண்டார். அடுத்த மழைக்காலம் வரை இருந்தார். ஒரு சொல்லும் வரவில்லை.

விற்க மனசு வராமல் வண்டியை இப்போதிருக்கும் திருவொற்றியூர் வீட்டுக்கும் கொண்டுவந்து மூலையில் நிறுத்தியிருந்தேன். போன மாதம் மெக்கானிக்கைக் கூட்டிவந்தபோது, குச்சி காய்ந்திருப்பதைப் பார்த்ததும் இந்த முறையும் நான் டப்பாவைத்தான் எடுத்தேன்.

"அய்ய, இரு சார்! இந்த வண்டி ரொம்ப நாளு நின்னா ஆயிலு கசிஞ்சி அடியில எறங்கிப்பூடும். குச்சில தெரியாது. மேல ஊத்துனா கக்கிடும். மொதல்ல அடி நட்டக் கழட்டு."

கழற்றினோம். கறுப்பாக, நிற்காமல், ஆயில் இறங்கியது, நைனா காட்டிய அதே தரையை நோக்கி.

இப்போது வண்டி ஓடுகிறது. ராயபுரத்து வீட்டு வாசல் சாலை விரிவாக்கத்தில் போய்விட்டது. அதன்மேல் கன்டெய்னர் லாரிகள் போகின்றன. காலையில் வண்டியை உதைத்ததும், "புரிஞ்சிச்சி நைனா" என்கிறேன். அந்தச் சத்தத்தில் அது எனக்கே கேட்பதில்லை.