இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

வெர்டா ஹோல்ம் நாவல் எழுதுகிறவள் என்பதை ஊர் எப்போதோ மன்னித்துவிட்டிருந்தது. இருபத்தாறு வருடம் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவள், கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டவள், விடியற்காலையில் சமையலறை மேசையில் தட்டச்சு இயந்திரத்தோடு மல்லுக்கட்டினால் யாருக்கு என்ன நஷ்டம்? நெப்ராஸ்காவில் சோளம் விளைவதைத் தவிர வேறென்ன நடக்கிறது என்று கேட்டு நியூயார்க் பதிப்பகத்தார் அவள் நாவலைப் பதினோரு முறை திருப்பி அனுப்பினார்கள். முதல் நாவல் வெளிவந்தபோது அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. இரண்டாவதை நூலகம்கூட ஒரு பிரதிதான் வாங்கியது.

1957இல் வந்த மூன்றாவது நாவல்தான் வினையாக வந்து வாய்த்தது.

அவளுக்கு ஒரு பழக்கம். முதல் வரைவில் பாத்திரங்களுக்கு ஊர்க்காரர்களின் நிஜப் பெயரையே வைப்பாள். அப்போதுதான் அவர்கள் வாய் திறந்து பேசுவார்களாம். அனுப்புமுன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றுவாள். இந்தத் தடவை ஓரிடம் தப்பிவிட்டது. நியூயார்க்கில் மெய்ப்புப் பார்த்த மகராசனும் தூங்கிவிட்டான். அச்சாகி வந்த புத்தகத்தின் 212ஆம் பக்கத்தில், குடிகாரப் புருஷன் விழுந்து தொலையட்டும் என்று கிணற்று மூடிப் பலகையை நகர்த்துகிறவளின் பெயர் லுவெல்லா.

லுவெல்லா பக்கத்துப் பண்ணைக்காரி. வெர்டாவுக்கு இருந்த ஒரே சிநேகிதி. அவள் புருஷன் கிணற்றில் விழுந்து செத்து ஒன்பது வருடமாகிறது. பலகை உளுத்து உடைந்தது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். வெர்டா அந்தச் சாவை மட்டும் எடுத்துக்கொண்டாள், மீதியெல்லாம் கற்பனை. ஆனால் அதை யார் நம்புவார்கள்?

"என்னம்மா வெர்டா, இந்தத் தடவ யாரக் கொன்னுருக்க?" என்று சிரித்தாள் தபாலாபீஸ் ஆக்டா. "தேவாலயப் பொம்பளைங்களுக்கு எட்டுப் புத்தகம் வந்துச்சு. நேத்தே வீடு வீடாக் குடுத்தாச்சு. வியாழக்கிழமை கூட்டத்துல உன்னக் கிழிக்கப் போறாளுக."

பிழை இருக்கிறது, திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டால், பிழை எங்கே என்று தேடித்தேடிப் படிப்பார்கள். அந்த எட்டில் ஒரு பிரதி லுவெல்லா வாங்கியது. இரண்டு நாள் வெர்டாவுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. வாசலில் கார் சத்தம் கேட்டாலே ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள்.

புதன்கிழமை மத்தியானம் லுவெல்லா வந்தாள். மேசைமேல் ஒரு காகித உறையைக் கவிழ்த்தாள். கிழிந்த தாள்கள், எட்டும் 212ஆம் பக்கம்.

"மத்த ஏழு வீட்டுக்கும் கேக் எடுத்துட்டுப் போனேன். அவளுக காப்பி போட உள்ள போனப்பக் கிழிச்சுட்டேன். எவளும் இன்னும் பாதிகூடத் தாண்டல."

வெர்டா அழுதேவிட்டாள். "என்ன மன்னிச்சிடுடி. ஒரு பேரு விட்டுப்போச்சு. அது வெறும் கதைடி, சத்தியமா."

லுவெல்லா அழவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். திரும்பியபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"பேரு கெடக்கட்டும். நான் பலகைய நகத்தினப்ப நீ எங்கடி நின்ன?"