அப்பாவைத் திட்ட ஒரு வெள்ளி

மலேசியாவில் லாபு பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என் அப்பா மண்டோர். பால்மரம் வெட்டுகிறவர்களை மேற்பார்ப்பது அவர் வேலை, திட்டுவது பொழுதுபோக்கு. பட்டையில் உளி கொஞ்சம் ஆழமாகப் பட்டுவிட்டால் போதும், "மரம் வெட்டுறியா, மாடு அறுக்கிறியா?" என்பது நாலு நிரை தாண்டிக் கேட்கும்.

எனக்கு எட்டு வயதில் இருதயத்தில் ஓட்டை என்று சிரம்பான் டாக்டர் கண்டுபிடித்தார். சீக்கிரம் ஆப்பரேஷன் செய்யாவிட்டால் பிழைக்கமாட்டேன் என்றாராம். இதெல்லாம் எனக்குச் சொல்லப்படவில்லை. நடந்தால் மூச்சு வாங்கும், அவ்வளவுதான் தெரியும். அப்பாவிடம் இருந்த பணம் பாதிக்குக்கூடக் காணாது. திட்டின வாயால் அதே ஜனங்களிடம் எப்படிக் கேட்பது என்று அவர் மென்று விழுங்கிக்கொண்டிருந்தார். அம்மா அழுதும் பார்த்தார், நடக்கவில்லை.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, திருவிழாவில் கோமாளி வேஷம் கட்டுகிறவர். அவர்தான் வழி சொன்னார்.

"கை நீட்ட வெக்கமா இருந்தா காதக் குடு மச்சான். ஒரு திட்டுக்கு ஒரு வெள்ளிலா."

சம்பள நாளன்று ஆபீஸ் முன்னால் மாமா ஒரு வாழைமரத்தை நட்டுவைத்தார். அம்மாவின் பழைய கைலியும் தலையில் துண்டுமாக அப்பா அதில் பால் வெட்டினார். வாழைத்தண்டு தண்ணீராக ஒழுகியது. டின்னில் ஒரு வெள்ளி நோட்டைப் போட்டவர்கள் வரிசையாக வந்து, அவர் வசவுகளையே அவருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் அப்பா, "சரிங்க மண்டோரு" என்று தலையாட்டினார். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணிகூட இரண்டு முறை வரிசையில் வந்தார். தோட்டமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் அடுத்த லயத்து வீட்டில் குடியிருந்த அக்கா வந்தார். அப்பாவிடம் தினமும் திட்டு வாங்குகிறவர். சம்பளக் கவரை அப்படியே டின்னுக்குள் திணித்துவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"கேக்க இத்தன நாளாச்சா மண்டோரு ஒனக்கு? நாங்கல்லாம் யாரு?"

அப்பா உளியைக் கீழே போட்டுவிட்டு அழுதார்.

ஆப்பரேஷன் முடிந்து வீடு திரும்பியதும் அந்த அக்கா தினமும் கஞ்சி கொண்டுவந்தார். அப்பாவை அழவைத்தவள் கையால் சாப்பிடுவதா என்று நான் ஒரு வாரம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். அவரும் முகம் சுளிக்காமல் கிண்ணத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவார். அந்த ஒரு வாரமும் நான் மூச்சு விட்டதே அவர் தயவில்தான் என்று எனக்குத் தெரியாது.