பாய் கடை வாசல் தண்ணீர்த் தொட்டி

இன்று பழனி கடைவீதியில் நடந்தது.

கொடைக்கானலிலிருந்து இறங்கி, சாமான் வாங்க காதர் பாய் கடைக்குப் போனேன். பாய் நாற்காலியை விட்டு எழவில்லை. மூட்டுகளை முடக்கும் கொசுக் காய்ச்சல்.

"பருப்ப நீங்களே நிறுத்து எடுத்துக்கங்க" என்றார். ஊரில் பாதிப் பேருக்கு இதே கதிதான்.

அந்த நேரம் சுகாதார ஆய்வாளர் வந்தார். பாதயாத்திரை வருகிறவர்கள் குடிப்பதற்காகப் பாய் வாசலில் வைத்திருக்கும் தொட்டியில் ஒரு டம்ளர் மொண்டு காட்டினார். உள்ளே புழுக்கள் நெளிந்தன.

"இதெல்லாம் நாளைக்குக் கொசுங்க. கொட்டிருங்க."

பாய்க்கு முகம் வாடிவிட்டது.

"வெயில்ல வெறுங்காலோட நடந்து வர்றாங்க சார். எப்படிக் கொட்டச் சொல்றீங்க?"

"குடிக்க நிக்கிறவங்களத்தான் இந்தக் கொசு கடிக்குது பாய். காய்ச்சலும் அவங்களோட ஊருக்குப் போயிருது."

பாய் நாற்காலியைப் பிடித்து மெல்ல எழுந்தார். நானும் அவருமாகத் தொட்டியைச் சாய்த்தோம். பல்லைக் கடித்துக்கொண்டு அவரே உள்ளே தேய்த்துக் கழுவினார். புதுத் தண்ணீர் ஊற்றி, வேட்டித் துணியால் மூடிக் கட்டினோம்.

"இனிமே நானே மொண்டு குடுக்குறேன்" என்றார், நிற்க முடியாத பாய்.

ஆய்வாளர் படியிறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்குமா?" என்றேன்.

"ஊர்த் தொட்டியெல்லாம் பாத்து முடிக்கிறதுக்குள்ள இருட்டிருதுங்க. எங்க வீட்டுத் தொட்டிய யாரு பாக்குறது?"

இதைப் படிக்கிற உங்கள் வீட்டில் யார் பார்க்கிறார்கள்?