மார்லிஸ் கொடுத்த டயர்கள்

எங்கள் மலைமேட்டில் மார்லிஸ் ஹௌகனின் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது. அமெரிக்காவின் விஸ்கான்சினில், எங்கள் பக்கத்துச் சுகாதார அலுவலகத்தில் கொசுப் பிரிவு என்றால் அவளும், வண்டி ஓட்டும் நானும்தான். மே மாதம் வீடு வீடாக ஏறி, "பழைய டயரைப் போட்டு வச்சிருக்கீங்களே, புள்ளைங்களைக் கொல்லவா?" என்று சண்டை போட்டு முந்நூறு டயரைப் பிடுங்கி வந்தாள். அள்ளிப்போக வரவேண்டிய லாரி வரவே இல்லை.

அவள் தம்பி டேரிலுக்கு மாட்டுப் பண்ணை. நறுக்கிய புல்லைக் குழியில் அமுக்கி, பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, அது பறக்காமலிருக்க மேலே டயர் அடுக்குவது இங்கே எல்லாப் பண்ணையிலும் வழக்கம். "தண்ணி தேங்காம ஓட்டை போட்டுட்டு அடுக்குடா" என்று சொல்லி, அத்தனையையும் அவனிடமே கொடுத்துவிட்டாள். போட்டானா என்று அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. சொந்தத் தம்பி வீட்டில் யார் சோதனை போடுவார்கள்?

ஆகஸ்டில் பத்தே நாளில் மூன்று பிள்ளைகளுக்குக் காய்ச்சல், வாந்தி, பிறகு வலிப்பு. கொசு பரப்பும் மூளைக்காய்ச்சல் என்றார்கள். மூன்றாவது, டேரிலின் மகள் ப்ரிட்டா. ஒன்பது வயது. இரண்டு நாளாக நினைவு திரும்பவில்லை. பெற்றோர் ஆஸ்பத்திரியில், ப்ரிட்டாவின் தங்கை இங்கா மார்லிஸ் வீட்டில், மார்லிஸின் கணவன் பொறுப்பில்.

மற்ற இரண்டு பிள்ளைகளின் வீடுகளிலும் தேடினோம். இந்தக் கொசு மரப்பொந்திலும் பழைய டயரிலும் தேங்கும் தண்ணீரில்தான் முட்டையிடும். வான்கோழி வறுக்கும்போது குழம்பு ஊற்றுகிற ரப்பர் பீச்சாங்குழலால் மரப்பொந்துத் தண்ணீரை மார்லிஸ் உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தாள். ஒரு கொசுப்புழுகூட இல்லை. அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் டேரிலின் பண்ணை. எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கும்தான்.

"இன்னொரு மரம் பாத்துடலாம்."

"இதோட பதினேழு மரம் ஆச்சு, மார்லிஸ்."

"வாயை மூடிக்கிட்டு வண்டியை எடு."

கடைசியில் டேரிலின் புல் குழிக்குத்தான் வந்தோம். முதல் டயரிலேயே புழு நெளிந்தது. அடுத்ததிலும். எதிலும் ஓட்டையில்லை. அவள் பீச்சாங்குழலைத் தூக்கிப் போட்டுவிட்டு வண்டிக்கு நடந்தாள்.

தன் வீட்டுக்கு வந்து, எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் டேரிலுக்குப் போன் செய்தாள்.

"எவன் வீட்டுக் குப்பைன்னு கண்டுபிடிச்சியாக்கா? சொல்லு, அவன் காலை ஒடைக்கிறேன்."

"உன் குழிடா. நான் குடுத்த டயர்."

"வேலை அவசரத்துல ஓட்டை போடவே இல்லக்கா. ப்ரிட்டா தினமும் அதுமேலதான் டயருக்கு டயர் தாவுவா. போனை நோண்டாம வெளையாடுறாளேன்னு நானும் சந்தோஷப்பட்டேன்." மூச்சு இரைத்தது. "அக்கா, இங்காவும் தாவினாளா?"

மார்லிஸ் போனைக் கையில் பிடித்தபடியே முற்றத்துக்கு ஓடினாள். இங்கா நாயைத் துரத்திக்கொண்டிருந்தாள். "நீயும் அக்காகூட டயர்மேல தாவுனியாடி?"

"தாவுனேனே அத்தை! அக்காவை நான்தான் ஜெயிப்பேன்!"

மார்லிஸ் மண்டியிட்டு அவள் காலைப் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே கொசு கடித்த தடிப்பு, சிவப்புச் சிவப்பாய். நெற்றியில் கை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியல. நீ தொட்டுப் பாரு."

தொட்டேன். சுட்டது. மத்தியானம் முழுக்க வெயிலில் ஓடிய குழந்தை. வெயிலின் சூடா, ப்ரிட்டாவுக்கு வந்த காய்ச்சலா என்று எனக்கும் தெரியவில்லை.