சிந்திய நெல்

சீர்காழிப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் பாதரசத் தெர்மாமீட்டர்களை எடுத்துவிட்டு டிஜிட்டல் மீட்டர் பொருத்தப் போயிருந்தேன். அங்கே கூட்டிப் பெருக்கும் பெண்களுக்கெல்லாம் தலைவி போல ஓர் அம்மா இருந்தார். புடவைமேல் ஆண்கள் சட்டை. யாரிடம் பேசினாலும் துடைப்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் பேசுவார்.

அந்த ஆலையில் கீழே சிந்தும் நெல் கூட்டுகிறவர்களுக்குச் சொந்தம். சண்டை போட்டு வாங்கிய உரிமை. ஒரு கை கூடினாலும் மேனேஜர் திருப்பிக் கொட்டச் சொல்வார்.

கடைசித் தெர்மாமீட்டரை ஆலை ஃபிட்டர் கழற்றும்போது அது உடைந்தது. பாதரசம் உருண்டு, நெல் உலர்த்தும் டிரையருக்கு அடியில் குவிந்திருந்த நெல்லுக்குள் போனது.

"அது விஷம் சார். அந்த நெல்ல ஒதுக்கிடுங்க" என்றேன்.

மேனேஜர் பெண்களைக் கூப்பிட்டார். "மொத்தத்தையும் அள்ளிக்கிட்டுப் போங்க. சிந்துன நெல்லுதானே."

ஒரு மூட்டை தேறும். ஒருத்தி சாக்கை விரித்துவிட்டாள். அந்த அம்மா துடைப்பத்தை அதன் குறுக்கே நீட்டினார்.

"என்னைக்கும் இல்லாம இன்னைக்கு மூட்டையா குடுக்குறீங்க. மொதல்ல ஒங்க வீட்ல ஒல வைங்க சார். அப்புறம் நாங்க வைக்கிறோம்."

"நாளைக்கு வேலைக்கு வரணுமா, வேணாமா?"

அந்த அம்மா துடைப்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டார். நெல்லை முறத்தால் வழித்துச் சாக்கில் கொட்டி, வாயைக் கட்டினார். பெண்கள் சேர்ந்து அதை இழுத்துப்போய் மேனேஜர் அறையில், அவர் நாற்காலியை ஒட்டி நிறுத்தினார்கள்.

மறு மாதம் மீட்டரைச் சரிபார்க்கப் போனேன். மூட்டை அங்கேயே இருந்தது. மேனேஜர் நாற்காலியை வெளியே போட்டு, வெயிலில் உட்கார்ந்திருந்தார்.

"யாரும் தூக்க மாட்டேங்குறாங்க சார்" என்றார்.

களத்தில் துடைப்பச் சத்தம் நிற்கவே இல்லை.