குடிக்காதே, ஊது

மகளுக்கு மூன்று வயது முடிவதற்குள் நாலு தடவை நெஞ்சுச் சளி. மருந்து முடிந்து ஒரு வாரம் நன்றாக இருப்பாள், மறுபடி இருமத் தொடங்குவாள். எங்கள் கிழக்குத் தாம்பரம் தெருவில் வருஷம் பூராவும் யாராவது வீட்டை இடித்துக் கட்டிக்கொண்டிருப்பார்கள். ஜன்னலைத் திறந்தால் சிமென்ட் தூசி, மூடினால் புழுக்கம்.

கடைசியில் டாக்டர் எங்களை மேடவாக்கத்தில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். அந்த டிராஃபிக்கில் போய்ச் சேர்வதற்குள் எனக்கே மூச்சு வாங்கியது. பிசியோதெரபிஸ்ட் என்னைவிடச் சின்னப் பெண். பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி, குழாய் போட்டு, மகளை ஊதச் சொன்னாள். குமிழி வர ஊதினால் சளி இளகி வெளியே வருமாம். மகள் ஒரே உறிஞ்சில் தண்ணீரைக் குடித்தாள்.

"ஊதணும் கண்ணு, குடிக்கக் கூடாது."

மறுபடியும் குடித்தாள்.

"வீட்ல தினமும் ரெண்டு வேளை பண்ணுங்கக்கா. சாப்பிடறதுக்கு முன்னாடி மடியில குப்புறப் போட்டு, உள்ளங்கையக் குழிச்சு முதுகுல தட்டுங்க. வலிக்காது."

வலிக்காதுதான். அதை என் மகளுக்கு யார் சொல்வது? காலை ஏழு மணிக்குத் தட்ட ஆரம்பித்தால் மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி அலறுவாள். கணவர் ஷூ போட்டுக்கொண்டே, "கொஞ்சம் மெதுவாத்தான் தட்டேன்" என்பார். அத்தோடு அவர் வேலை முடிந்தது.

ஆறாம் நாள், தட்டி முடிப்பதற்குள் காலிங் பெல் அடித்தது. கீழ் வீட்டில் தனியாக இருக்கும் ஐ.டி. பையன்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. தினமும் குழந்தைய அடிக்கிறது கேக்குது. இன்னைக்கு நான் கம்ப்ளெயின்ட் பண்ணப் போறேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கதவை விரியத் திறந்தேன். "உள்ள வாங்க. எப்படி அடிக்கிறேன்னு நீங்களே பாருங்க."

மகளை மறுபடி மடியில் போட்டுத் தட்டினேன். அலறினாள். நடுவில் ஆழமாக ஓர் இருமல். சளி அவன் டீ-ஷர்ட்டில் போய் விழுந்தது. அழுகை நின்றது. காலையிலிருந்து அவள் நெஞ்சில் கேட்ட கரகரப்பும் குறைந்திருந்தது.

"இவ்வளவா உள்ள இருந்துச்சு?" என்றான். முகம் வெளிறியிருந்தது. "சாரிக்கா." என்ன செய்வதென்று தெரியாமல் மேஜையில் இருந்த பாட்டிலை எடுத்தான். "இது எதுக்கு?" சொன்னேன். தண்ணீர் தன் முகத்தில் தெறிக்கும்படி ஊதிக் காட்டினான். மகள் அதைப் பிடுங்கி, வேறு குழாய் மாற்றக்கூட விடாமல், கடகடவென்று குமிழி விட்டாள். ஆறு நாள் என்னிடம் குடித்தே காட்டியவள்!

மறுநாள் காலை பாட்டிலை நீட்டினால், "மாமா வந்தாத்தான் ஊதுவேன்" என்று கையைக் கட்டிக்கொண்டாள். நைட்டி மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கி, தூக்கக் கலக்கத்தில் கதவைத் திறந்தவனிடம், "தம்பி, அஞ்சு நிமிஷம் வந்து ஊதிட்டுப் போறீங்களா?" என்று கேட்டேன்.

இப்படியே இரண்டு மாதம் ஓடியது. அந்த மழைக்காலத்தில் அவளை ஒரே ஒரு தடவைதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எல்லாம் மாமா ஊதியதால்தான் என்று மகள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். தட்டித் தட்டிக் கை வலித்தது எனக்கு.