பொய் சொன்ன விறகு

போன கிழமை வகுப்பில் தர்ஷினி கையைத் தூக்கினாள். "சேர், இந்த வெறகு பொய் சொல்லுது."

விறகு பொய் சொல்லுமா?

இரசாயனப் பொறியியல் மாணவர்களுக்கு நான் எடுப்பது மாற்று எரிபொருள் பாடம். ஹைட்ரஜன், பாசியிலிருந்து டீசல் என்று ஆகாயத்திலேயே பறந்துகொண்டிருப்பேன். கொஞ்சம் தரைக்கு இறங்கலாமே என்றுதான் பசறைப் பக்கத் தேயிலைத் தொழிற்சாலைக்குக் கூட்டிப் போனேன். தேயிலையை உலர்த்தும் சூடெல்லாம் அங்கே விறகுதான். மொனராகலையிலிருந்து லொறியில் வந்து வெட்டவெளியில் குவிந்து கிடக்கிறது.

"ஈரம் எவ்வளவுன்னு ரிப்போர்ட் குடுங்க. தேவைன்னா குவியலுக்குக் கூரை போடுறேன்" என்றார் மேனேஜர்.

தர்ஷினி ஆறு துண்டு வாங்கி வந்து சோதித்தாள். ஈரமே இல்லை என்று சொல்லலாம்! அப்புறம் கூரை எதற்கு? ஆனால்... தொழிற்சாலை எரிக்கும் விறகோ, அவ்வளவு காய்ந்த விறகுக்கு அவள் போட்ட கணக்கைப் போல இரண்டு மடங்கு.

உலைக்கு விறகு போடும் சுந்தரம் அண்ணனுக்கு வகுப்பிலிருந்தே கோல் எடுத்தாள். ஸ்பீக்கரில்.

"அண்ணே, நீங்க குடுத்த வெறகு அந்தக் குவியல்ல எடுத்ததுதானே?"

"அதெப்படி தங்கச்சி? கெம்பஸ் புள்ளைங்க வர்றீங்க, ஈர வெறகையா நீட்டுறது? ரெண்டு நாளா உலை ஓரமா காய வச்சில்ல குடுத்தேன்!"

வகுப்பே சிரித்தது. தர்ஷினி சிரிக்கவில்லை.

"ஐயோ அண்ணே... இந்த ரிப்போர்ட் போனா கூரை வராது. ஈர வெறகுப் பொகையில கெடந்து இருமுறது நீங்கதானே!"

அண்ணன் உடனே வழி சொன்னார்: "அப்ப நாளைக்கே வாங்க. இங்க மழை ஊத்துது. நல்லா நனைஞ்சதா பாத்து எடுத்து வைக்கிறேன்."

"நீங்க ஒண்ணும் எடுத்து வைக்க வேணாம்ண்ணே!"

பார்க்க வருகிறவர்கள் முன்னால் குறையை ஒளித்து, இருப்பதில் நல்லதை நீட்டுவது எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பழக்கம். துரை வருகிறார் என்றால் தொழிலாளர் லயத்து வீட்டு வாசல்கூடப் பளபளக்கும். அதற்குப் பெயர் மரியாதை. அந்த மரியாதையால் எத்தனை கூரைகள் வராமலே போயினவோ?

சனிக்கிழமை சொல்லாமல் போய் நின்றோம். குவியலின் மேலிருந்து, நடுவிலிருந்து, அடியிலிருந்து தர்ஷினியே உருவி எடுத்தாள். சோதித்தால், எடையில் பாதி தண்ணீர்!

திங்கட்கிழமை ரிப்போர்ட் போனது. நேற்றிலிருந்து கூரைத் தூண்களுக்குக் குழி தோண்டுகிறார்களாம். சொன்னது சுந்தரம் அண்ணன்தான். கூடவே ஒரு குறையும் சொன்னார்: "சொல்லிட்டு வந்திருந்தா ஒரு பிளேன்டீயாவது போட்டு வச்சிருப்பேனே சேர்?"

அதற்காகத்தான் அண்ணே, சொல்லவில்லை!